கண்டும் காணாதவை

நுழையும்முன்

கண்ணைத் திறந்தால் எதிரே உள்ளவை எல்லாம் தெரிந்துவிடுகின்றன என்று நம்புகிறோம். கண்ணில் படுவது வேறு, கருத்தில் பதிவது வேறு என்பதைக் கடந்த அரை நூற்றாண்டில் நடந்த ஆய்வுகள் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டியுள்ளன. ஒன்றைத் தேடும்போது மற்றவற்றை மூளை எவ்வாறு ஒதுக்குகிறது? ஒதுக்கக் கூடாததை ஒதுக்கிவிட்டால் என்ன நேரும்? இவ்விரு வினாக்களையும் ஆராய்கிறது இக்கட்டுரை.

மிதிவண்டி நிறுத்தத்தில்

மாலை மணி அடிக்கிறது. மிதிவண்டி நிறுத்தத்தை நோக்கி விரைகிறீர்கள். அரசு வழங்கிய மிதிவண்டிகள் ஏறத்தாழ இருநூறு, வரிசையாக நிற்கின்றன. ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே வகைக் கைப்பிடி. உங்கள் தோழி ஒருத்தி தன் வண்டியின் கைப்பிடியில் மஞ்சள் நாடா ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறாள். அவளுக்குத் தேடும் வேலையே இல்லை. நுழைவாயிலில் நின்றபடியே அந்த மஞ்சள் அவள் கண்ணில் படுகிறது. வண்டிகள் இருநூறாக இருந்தாலும் நானூறாக இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

அவளுடைய உத்தி நன்றாக இருக்கிறதே என்று பாதிப்பேர் மஞ்சள் நாடா கட்டிவிடுகிறார்கள். மீதிப்பேர் பின்சக்கரக் காப்பில் சிவப்பு வில்லை ஒட்டுகிறார்கள். தோழி சளைக்காமல் தன் வண்டிக்கு நாடாவுடன் வில்லையையும் சேர்த்துக்கொள்கிறாள். இரண்டும் உள்ள வண்டி அவளுடையது ஒன்றே. ஆயினும் இப்போது அது தொலைவிலிருந்து பளிச்சென்று தெரிவதில்லை. வரிசையோரமாக நடந்து, மஞ்சள் நாடாவைக் கண்டதும் சிவப்பு வில்லை இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, இல்லையெனில் அடுத்ததற்குச் செல்ல வேண்டியிருக்கிறது. தன் வண்டியின் அடையாளத்தைக் கூட்டியவள் ஏன் தேடலில் பின்தங்கினாள்? சிறு வினாவாகத் தோன்றினாலும் இதற்கு விடை தேடியவர்கள்தாம் கவனம் பற்றிய அறிவியலுக்கு இன்றைய வடிவத்தைத் தந்தார்கள்.

கட்டைவிரல் நகத்தளவு உலகம்

விடைக்குச் செல்லும்முன் கண்ணின் அமைப்பைச் சற்றே பார்க்கவேண்டும். விழித்திரையின் நடுவில் மையக்குழி என்னும் சிறு பகுதி உள்ளது. நிறத்தையும் நுட்பமான வடிவத்தையும் பிரித்தறியும் கூம்பு உயிரணுக்கள் அங்கேதான் நெருக்கமாக அமைந்துள்ளன. கையை நேரே நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் உங்கள் கண்ணுக்கு எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவு இடமே ஒரு நேரத்தில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. அதற்கு அப்பால் விலகிச் செல்லச் செல்லத் தெளிவு விரைந்து குறைகிறது. இந்தக் குறையை ஈடுசெய்யவே கண்கள் ஒரு நொடிக்கு மூன்று அல்லது நான்கு முறை இடம்விட்டு இடம் தாவிக்கொண்டிருக்கின்றன. அத்தாவல்களை நாம் உணர்வதில்லை; காட்சி முழுவதையும் ஒரே சீராகக் காண்பதாகவே எண்ணுகிறோம்.

அப்படியானால் கண் திரும்பும் இடத்திற்கே கவனமும் திரும்புகிறது என்று முடிவு செய்துவிடலாமா? செர்மானிய அறிவியலறிஞர் எர்மன் ஃபொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த எளிய சோதனை ஒன்று இதை மறுத்தது. அவர் இருட்டறையில் எழுத்துகள் நிறைந்த அட்டை ஒன்றை வைத்தார். மின்பொறி ஒன்றால் கணநேரம் அதற்கு ஒளியூட்டினார். கண் அசைவதற்குள் ஒளி மறைந்துவிடும். பார்வையை நடுப்புள்ளியிலேயே நிறுத்திக்கொண்டு, கவனத்தை மட்டும் அட்டையின் ஒரு மூலைக்குச் செலுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால், அந்த மூலையின் எழுத்துகளைப் படிக்க முடிந்தது. மற்றவை தெளிவாகப் பதியவில்லை. கண் ஓரிடத்திலும் கருத்து வேறோரிடத்திலும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வகுப்பறையில் கரும்பலகையைப் பார்த்தபடியே பக்கத்து இருக்கையைக் கவனிக்கும் கலையில் தேர்ந்த மாணவர்களுக்கு ஹெல்ம்ஹோல்ட்சின் முடிவு வியப்பளிக்காது.

கண் கொண்டுவந்து சேர்ப்பதிலும் ஒரு நெருக்கடி இருக்கிறது. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 இலட்சம் நரம்பிழைகள் உள்ளன. அவை ஓயாமல் அனுப்பும் செய்திகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் ஆராய்ந்து, ஒவ்வொரு பொருளையும் இன்னதென்று அடையாளம் காணும் ஆற்றல் மூளைக்கு இல்லை. எனவே தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

டிரெய்ஸ்மனின் எழுத்துகள்

இங்கிலாந்தில் பிறந்த உளவியலறிஞர் ஆன் டிரெய்ஸ்மன், கேரி கெலாட் என்பவருடன் இணைந்து 1980ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார். அதில் விவரிக்கப்பட்ட சோதனை மிக எளிது. அட்டையில் நிறம் தீட்டிய ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். அவற்றுள் குறிப்பிட்ட ஒன்று இருக்கிறதா, இல்லையா என்று பங்கேற்பவர் விரைந்து சொல்லவேண்டும். எழுத்துகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும், விடை சொல்ல ஆகும் நேரத்தை அளந்தார்கள்.

பழுப்பு, பச்சை எழுத்துகளுக்கு நடுவே ஒரேயொரு நீல எழுத்தைத் தேடச் சொன்னபோது, எழுத்துகள் ஐந்தானாலும் முப்பதானாலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விடை வந்தது. நீலம் தானாகவே துருத்திக்கொண்டு தெரிந்தது. மஞ்சள் நாடா ஒன்று மட்டும் இருந்த முதல் நாளின் நிலை இது. அடுத்து, பச்சை நிற 'டி' எழுத்தைத் தேடச் சொன்னார்கள். உடன் இருந்தவை பழுப்பு நிற 'டி' எழுத்துகளும் பச்சை நிற 'எக்ஸ்' எழுத்துகளும். அதாவது பச்சையும் பல உள்ளன. 'டி'யும் பல உள்ளன. இரண்டும் கூடியது ஒன்றே. இப்போது எழுத்து ஒவ்வொன்று கூடும்போதும் தேடும் நேரம் ஏறத்தாழ 30 மில்லி விநாடி கூடிக்கொண்டே சென்றது. பச்சை 'டி' இல்லாத அட்டைகளில் இந்தக் கூடுதல் ஏறத்தாழ இருமடங்காயிற்று. இருக்கும்போது சராசரியாகப் பாதி எழுத்துகளைப் பார்ப்பதற்குள் அகப்பட்டுவிடும். இல்லையென்று சொல்லவோ கடைசி எழுத்துவரை பார்த்தாக வேண்டும். எனவே இருமடங்கு என்பது, தேடல் ஒவ்வொன்றாக நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

டிரெய்ஸ்மன் தந்த விளக்கம் 'பண்பு ஒருங்கிணைப்புக் கோட்பாடு' எனப்படுகிறது. நிறம், சாய்வு, அசைவு போன்ற தனிப்பண்புகளை மூளை காட்சியின் எல்லா இடங்களிலும் ஒரே வேளையில், கவனத்தின் உதவியின்றியே பதிவு செய்துகொள்கிறது. ஆனால் இந்தப் பச்சை இந்த வடிவத்திற்கு உரியது என்று பண்புகளை ஒன்றோடொன்று பிணைத்துப் பொருளாக்கக் கவனம் தேவை. கவனமோ ஒரு நேரத்தில் ஓரிடத்திலேயே தங்கும்.

நோயாளி ஒருவரின் நிலை இக்கோட்பாட்டிற்கு வலுவூட்டியது. மூளையின் இருபுறத்துப் பக்கவாட்டு மேல்மடல்களும் இரத்தக்குழாய் அடைப்பால் பழுதுற்றிருந்த அவருக்குப் பார்வை இருந்தது. நிறங்களையும் எழுத்துகளையும் அறிந்தார். ஆனால் சிவப்பு நிற 'எக்ஸ்' எழுத்தையும் நீல நிற 'ஓ' எழுத்தையும் ஒருசேரக் காட்டினால், நீல நிற 'எக்ஸ்' தெரிகிறது என்பார். பத்து நொடிகள் தொடர்ந்து பார்க்க விட்டாலும் இந்தத் தடுமாற்றம் நேர்ந்தது. பண்புகள் வந்து சேர்ந்தன. அவற்றைப் பிணைக்கும் ஆற்றல் குலைந்திருந்தது. நாம் இயல்பாகச் செய்துவிடும் ஒன்று எத்தனை நுட்பமான வேலை என்பதை இத்தகைய இழப்புகளே நமக்குக் காட்டுகின்றன.

தேடுவது எது என்பதைப் போலவே, அது எவற்றோடு கலந்து கிடக்கிறது என்பதும் தேடலின் கடினத்தைத் தீர்மானிக்கிறது. உல்ரிக் நைசர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1960களிலேயே இதைக் காட்டினார். ஆங்கிலத்தின் 'இசட்' கோணலான கோடுகளால் ஆனது. வளைந்த எழுத்துகளின் நடுவே அது எளிதில் கிடைத்தது. கோடுகளால் ஆன எழுத்துகளின் நடுவே மறைந்து நின்றது. நம் எழுத்துகளிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஒ, ஓ, ஞ, இ ஆகியவற்றால் ஒரு தாளை நிரப்பி, நடுவே ஓரிடத்தில் ஒரு 'ட' எழுதி நண்பரிடம் கொடுங்கள். இன்னொரு தாளை ப, ம, ய ஆகியவற்றால் நிரப்பி அதிலும் ஒரு 'ட'வை ஒளித்து வையுங்கள். இரண்டாம் தாள் அவர் பொறுமையைச் சோதிக்கும். நைசரின் சோதனையில் பங்கேற்றவர்கள் சொன்ன வேறொரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. நன்கு பழகிய பிறகு, தேடாத எழுத்துகள் எழுத்துகளாகவே தெரியவில்லை, மங்கலாகக் கடந்து போயின என்றார்கள்.

தெரிந்து தெளிவோம்

மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்ட் என்னும் ஓவியர் 1987இல் இங்கிலாந்தில் வெளியிட்ட படப்புத்தகத்தின் நாயகன் வாலி. சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் கோடுபோட்ட சட்டை அணிந்தவன். நூற்றுக்கணக்கான மனிதர்கள் நெருங்கி நிற்கும் படத்தில் அவனைக் கண்டுபிடிக்கவேண்டும். கூடாரத்துணியிலும் குடைகளிலும் மற்றவர்களின் ஆடைகளிலும் அதே சிவப்பையும் வெள்ளையையும் ஓவியர் தாராளமாகத் தூவிவைத்திருப்பார். தனிப்பண்பு ஒன்றால் அகப்பட்டுவிடக் கூடிய நாயகனைப் பண்புக்கூட்டால் மட்டுமே காணமுடிகிறவனாக்கும் உத்தி இது.

வழிகாட்டும் பட்டியல்

டிரெய்ஸ்மனின் கோட்பாட்டில் ஓர் இடைவெளி இருந்தது. பண்புக்கூட்டைத் தேடும்போது கவனம் குருட்டுத்தனமாக ஒவ்வொன்றையும் தொட்டுச் செல்கிறதா? உங்கள் தோழி வில்லை மட்டும் ஒட்டிய வண்டிகளின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே! ஜெரமி உல்ஃப் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1989இல் 'வழிகாட்டப்பட்ட தேடல்' என்னும் விளக்கத்தை முன்வைத்தனர். தேடும் பொருளின் பண்புகள் மனத்தில் ஒரு பட்டியலாக நிற்கின்றன. மஞ்சள் என்ற பண்பு மஞ்சளான இடங்கள் எல்லாவற்றிற்கும் சற்றே முன்னுரிமை தருகிறது. சிவப்பு என்ற பண்பு சிவப்பான இடங்களுக்குத் தருகிறது. இரண்டு முன்னுரிமைகளும் கூடும் இடத்திற்குக் கவனம் முதலில் செல்ல வாய்ப்பு மிகுகிறது. பட்டியலோடு சிறிதும் ஒத்துப்போகாதவை வரிசையில் இடம்பெறுவதே இல்லை.

இப்பட்டியல் மனிதருக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவில் நீலநிறப் பறவையினம் ஒன்று உண்டு. அங்கே அதனை நீல ஜே என்பார்கள். மரப்பட்டையில் பட்டையோடு பட்டையாக ஒட்டி அமர்ந்திருக்கும் அந்துப்பூச்சிகள் அதற்கு இரை. 1979இல் வெளியான ஆய்வு ஒன்றில் இப்பறவைகளுக்குப் பூச்சி உள்ள படங்களும் இல்லாத படங்களும் காட்டப்பட்டன. ஒரே வகைப் பூச்சி அடுத்தடுத்து வந்தபோது பறவைகளின் திறமை படிப்படியாக உயர்ந்தது. இரண்டு வகைப் பூச்சிகளைக் கலந்து காட்டியபோது அந்த உயர்வு இல்லை. ஒரு தோற்றத்தை மனத்தில் ஏந்திக்கொண்ட பறவைக்கு அத்தோற்றம் எளிதில் அகப்படுகிறது. மாற்றுத் தோற்றம் கொண்டது தப்பிவிடுகிறது. எண்ணிக்கையில் குறைந்த தோற்றம் உடைய பூச்சிக்குப் பறவையின் கவனமே காப்பாகிவிடுகிறது என்பது இயற்கையின் வேடிக்கைகளுள் ஒன்று. இக்கருத்தைப் பின்னர் மீண்டும் காண்போம்.

ஒதுக்குவதும் ஒரு செயல்

இதுவரை தேர்ந்தெடுத்தலைப் பற்றியே பேசினோம். தேர்ந்தெடுக்கப்படாதவை என்ன ஆகின்றன? ஒளிவிளக்கை ஓரிடத்தில் பாய்ச்சினால் மற்ற இடங்கள் தாமே இருளில் கிடக்கும். அவற்றை இருட்டாக்க யாரும் தனியே முயலவேண்டியதில்லை. கவனமும் அத்தகையதுதானா? அல்லது வேண்டாதவற்றை மூளை முனைந்து அடக்குகிறதா?

ஜெஃப்ரி மோரன், ராபர்ட் டெசிமோன் ஆகிய இருவரும் 1985இல் குரங்குகளின் மூளையில் தனித்தனி நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். பார்வைக்குரிய நரம்பணு ஒவ்வொன்றுக்கும் காட்சியில் ஒரு குறிப்பிட்ட பகுதி உரியது. அந்தப் பகுதிக்குள் இரண்டு உருவங்களை ஆய்வாளர்கள் ஒருசேரக் காட்டினார்கள். ஒன்று, அந்த அணுவை வலுவாகத் துடிக்கச் செய்வது. மற்றது, அதைச் சிறிதும் அசைக்காதது. துடிக்கச் செய்யும் உருவத்தைக் குரங்கு கவனித்தபோது அணு வலுவாகத் துடித்தது. அதே இரண்டு உருவங்களும் அங்கேயே இருக்க, குரங்கு தன் கவனத்தை மற்றதன்மேல் செலுத்தியபோது துடிப்பு வெகுவாகத் தணிந்தது. கண் அசையவில்லை, விழித்திரையில் விழுந்த ஒளியும் மாறவில்லை. ஆனாலும் கவனிக்கப்படாத உருவம் அந்த நரம்பணுவைப் பொறுத்தவரை ஏறக்குறைய மறைந்துபோயிற்று. ஒரே இடத்தில் உள்ள பொருள்கள் நரம்பணுவின் பதிலைப் பெறப் போட்டியிடுகின்றன என்றும், கவனம் அந்தப் போட்டியில் ஒருபக்கம் சாய்கிறது என்றும் டெசிமோனும் ஜான் டங்கனும் 1995இல் இதை விளக்கினர்.

இனிக் கடினமான வினாவுக்கு வருவோம். தேடலுக்குத் தொடர்பே இல்லாத, ஆனால் கண்ணைப் பறிக்கும் ஒன்று குறுக்கே வந்தால் என்ன ஆகும்? நெதர்லாந்து ஆய்வாளர் யான் தேயூஸ் 1992இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் வடிவத்தில் மாறுபட்ட ஒன்றைத் தேடினார்கள். உடன் இருந்தவற்றுள் ஒன்றின் நிறத்தை மட்டும் மாற்றி வைத்தபோது, நிறம் தங்களுக்குத் தேவையற்றது என்று நன்றாகத் தெரிந்திருந்தும் அவர்கள் தாமதித்தார்கள். பளிச்சென்றிருப்பது நம் விருப்பத்தைக் கேளாமல் கவனத்தைப் பறித்துக்கொள்கிறது என்பது தேயூஸின் முடிவு. அதே ஆண்டில் சார்லஸ் ஃபோக்கும் அவருடன் இணைந்தவர்களும் நேர்மாறான முடிவை வெளியிட்டனர். சிவப்பைத் தேடுகிறவரைச் சிவப்பே திசைதிருப்பும். திடீரெனத் தோன்றும் ஒளி அவரை அசைக்காது. திடீர்த் தோற்றத்தைத் தேடுகிறவருக்கு இது அப்படியே தலைகீழ். நம்மைத் திசைதிருப்பும் உரிமையை நாம் எதைத் தேடுகிறோமோ அதுவே பெறுகிறது என்பது இவர்கள் கட்சி. இவ்வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் தீராமல் நடந்தது.

2015இல் நிக்கோலஸ் காஸ்பெலின், ஸ்டீவன் லக் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, இரு கட்சிக்கும் நடுவே ஒரு வழியைக் காட்டியது. பங்கேற்றவர்கள் குறிப்பிட்ட வடிவம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். திரையில் உள்ளவற்றுள் ஒன்று மட்டும் சிலவேளை மாறுபட்ட நிறத்தில் பளிச்சிடும். எதிர்பாராத தருணத்தில் எல்லா வடிவங்களின் மேலும் ஒவ்வோர் எழுத்து மின்னி மறையும்; நினைவில் நின்ற எழுத்துகளைச் சொல்லவேண்டும். கவனம் பளிச்சிட்ட இடத்திற்குத் தாவியிருந்தால் அங்கிருந்த எழுத்து நினைவில் நின்றிருக்கும். நடந்ததோ வேறு. மற்ற வடிவங்களின் மேல் இருந்த எழுத்துகளைவிடப் பளிச்சிட்ட இடத்தின் எழுத்தையே குறைவாகச் சொன்னார்கள். அந்த இடம் வெறுமனே கவனிக்கப்படாமல் விடப்படவில்லை. மற்றவற்றுக்கும் கீழே அமுக்கப்பட்டிருந்தது. பளிச்சென்ற பொருள் 'என்னைப் பார்' என்று கூவுவது உண்மை. அந்தக் குரலை எழும்பும்போதே அடக்க மூளையால் இயலும் என்பதும் உண்மை.

இந்த அடக்கத்தை நாம் அறிந்தே செய்வதில்லை. இடையூறு செய்யும் பொருள் பெரும்பாலும் திரையின் ஒரே இடத்தில் தோன்றுமாறு அமைத்தால், சிறிது நேரத்தில் பங்கேற்பவர்கள் அதனால் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. எந்த இடத்தில் மிகுதியாகத் தோன்றியது என்று கேட்டால் பெரும்பாலோருக்குச் சொல்லத் தெரிவதில்லை. நாள்தோறும் செல்லும் சாலையில் உள்ள விளம்பரப் பலகை எதைப் பற்றியது என்று கேட்டால் நாம் விழிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

காணாமற் போனவை

வடிகட்டி இல்லாமல் தேட இயலாது. ஆனால் அது தூசியையும் முத்தையும் பிரித்தறிவதில்லை; கேட்டதைத் தருகிறது, கேளாததைத் தடுக்கிறது. 1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோஃபர் சாப்ரிஸ் ஆகிய இருவரும் குறும்படம் ஒன்றைக் காட்டினார்கள். வெள்ளைச் சட்டை அணிந்த மூவரும் கறுப்புச் சட்டை அணிந்த மூவரும் பந்துகளைத் தமக்குள் எறிந்து பிடிக்கிறார்கள். ஓர் அணியினர் எத்தனை முறை பந்தைக் கைமாற்றினர் என்று பார்ப்பவர் எண்ணவேண்டும். நடுவே கொரில்லா வேடமணிந்த ஒருவர் நிதானமாக நுழைந்து, நின்று, மார்பில் தட்டிக்கொண்டு வெளியேறுவார். பார்த்தவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேர் அதைக் காணவில்லை. இந்தச் சோதனை பலரும் கேள்விப்பட்டதுதான். அதில் பொதுவாகச் சொல்லாமல் விடப்படும் ஒரு செய்தி உண்டு. கறுப்பு அணியைக் கவனித்தவர்கள், வெள்ளை அணியைக் கவனித்தவர்களைவிடக் கொரில்லாவை மிகுதியாகக் கண்டார்கள். கொரில்லாவும் கறுப்பு! வெள்ளையைத் தேடியவர்களின் வடிகட்டி கறுப்பையெல்லாம் தள்ளிவிட்டது. அதனோடு கொரில்லாவும் சென்றது.

பந்து எண்ணுவதில் பழக்கமில்லாதவர்கள் தவறவிட்டார்கள், தேர்ந்தவர்கள் தவறவிடுவார்களா என்று கேட்கத் தோன்றும். டிராஃப்டன் ட்ரூ, மெலிசா வோ, ஜெரமி உல்ஃப் மூவரும் 2013இல் இதற்கு விடை தந்தார்கள். ஊடுகதிர்ப் படங்களைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட 24 மருத்துவர்களிடம் நுரையீரலின் அடுக்குப் படங்களைக் கொடுத்து, புற்றுநோயாக இருக்கக்கூடிய சிறுமுடிச்சுகளைத் தேடச் சொன்னார்கள். கடைசித் தொகுப்பின் சில அடுக்குகளில், மெல்லத் தோன்றி மறையுமாறு கொரில்லாவின் உருவம் ஒன்றைச் செருகியிருந்தார்கள். அது சராசரி முடிச்சைப்போல் 48 மடங்கு பெரிது. 24 பேரில் 20 பேர் அதைக் காணவில்லை. கண்ணசைவைப் பதிவு செய்த கருவி இன்னும் வியப்பான செய்தியைச் சொன்னது. காணாத 20 பேரில் 12 பேரின் பார்வை நேராகக் கொரில்லாவின் மேலேயே விழுந்திருந்தது. இம்மருத்துவர்களைக் குறை சொல்வது நேர்மையாகாது. சிறுமுடிச்சுகளைக் கண்டுபிடிப்பதில் அவர்கள் பயிற்சியற்றவர்களைவிடப் பன்மடங்கு தேர்ந்தவர்கள்; அவர்களிடம் கேட்கப்பட்டதும் அதுவே. வட்டமான வெண்ணிறச் சிறுமுடிச்சு என்ற பட்டியலில் கொரில்லாவுக்கு இடமில்லை.

கொரில்லா நுரையீரலில் இருக்கப் போவதில்லை. ஆனால் சிறுமுடிச்சைத் தேடும் மருத்துவரின் கண்முன் முறிந்த விலா எலும்போ வேறோர் உறுப்பின் கட்டியோ இருக்கலாம். முதல் நோய்க்குறி அகப்பட்டதும் தேடல் நிறைவெய்திவிட்டதாக மனம் கருதுவதால் இரண்டாவது தவறிப்போவதும் உண்டு. இதனாலேயே ஊடுகதிர்ப் படத்தைப் பிரிவுபிரிவாக, குறித்த வரிசையில் பார்க்கும் பழக்கத்தை மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள்.

அரியதைத் தேடுதல்

வகைக்குப் பொருந்தாதது தப்புவதைப் பார்த்தோம். வகைக்குப் பொருந்தினாலும், அரிதாக வருவது தப்பிவிடும். எண்ணிக்கையில் குறைந்த அந்துப்பூச்சி பறவையிடமிருந்து தப்பியதை நினைவுகூர்க. உல்ஃபும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட சோதனையில், நெருக்கமான பின்னணியில் கருவி ஒன்று மறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். பாதிப் படங்களில் கருவி இருந்தபோது, அதைத் தவறவிட்டது 7 விழுக்காடு. நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறியது 30 விழுக்காடு. படங்கள் மாறவில்லை, கண்களும் மாறவில்லை. 'இல்லை, இல்லை' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய மனம் ஒவ்வொரு படத்திலும் இன்னும் சற்று முன்னதாகவே தேடலை முடித்துக்கொண்டது.

வானூர்தி நிலையத்தில் பயணப்பைகளைச் சோதிப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வெடிபொருள் உள்ள பை ஒன்று அவர் பணிக்காலம் முழுவதிலும் வராமலேயே போகலாம். மார்பகப் புற்றுநோயை முன்னறியும் பொதுச் சோதனைகளிலும், படமெடுக்கப்படும் ஆயிரம் பெண்களில் பத்துப்பேருக்கும் குறைவானவர்களிடமே நோய் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் கண்ட பிழை மருத்துவமனையிலும் நேர்கிறதா என அறிய, கரேன் எவான்ஸ், ராபின் பேர்ட்வெல், உல்ஃப் மூவரும் அமெரிக்காவில் சோதனை ஒன்றை நடத்தினர். நோய் உள்ளது என்றும் இல்லை என்றும் ஏற்கெனவே உறுதி செய்யப்பட்ட நூறு மார்பகப் படங்களை, மாதக்கணக்கில் அன்றாடப் பணியின் ஊடே ஒன்றிரண்டாகக் கலந்துவிட்டனர். நோயுள்ள படங்களுள் 30 விழுக்காடு தவறவிடப்பட்டன. அதே படங்களைத் தனித் தொகுப்பாக, பாதியில் நோய் உள்ளது என்ற நிலையில் கொடுத்தபோது தவறியது 12 விழுக்காடே. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் உயிரைப் பற்றியது.

கவனமாக இருங்கள் என்று அறிவுறுத்துவதால் இப்பிழை பெரிதாகக் குறைவதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஏனெனில் இது சோம்பலால் வருவதன்று. எனவே மாற்றவேண்டியது பணி அமைப்பையே. வானூர்தி நிலையங்களில் பைகளின் ஊடுகதிர்ப் படத்தின்மேல், கத்தி, துப்பாக்கி போன்றவற்றின் பொய்ப் படங்களைக் கணினி அவ்வப்போது பொருத்திக் காட்டுகிறது. பணியாளர் அதைக் கண்டு பொத்தானை அழுத்தியதும், அது செயற்கைப் படம் என்று திரை தெரிவிக்கும். அரிய ஒன்றை அவ்வளவு அரிதல்லாததாக ஆக்கும் முயற்சி இது. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையில் மார்பகப் படம் ஒவ்வொன்றையும் இருவர் தனித்தனியே படிக்கிறார்கள். உல்ஃபின் குழு 2007இல் வேறொரு வழியைச் சோதித்தது. அரிய பொருளைத் தேடும் நீண்ட பணிக்கு நடுவே, அப்பொருள் அடிக்கடி வரும் சிறிய பயிற்சித் தொகுதிகளைச் செருகி, ஒவ்வொரு விடையும் சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிவித்தார்கள். பயிற்சியில் 'இருக்கிறது' என்று சொல்லிப் பழகியவர்கள், மீண்டும் அரிய பொருளைத் தேடும் பணிக்குத் திரும்பிய பின்னும் சிறிது நேரம் அந்த விழிப்போடு தேடினார்கள், தவறவிடுதல் குறைந்தது.